அறுவை சிகிச்சைக்கு முன் கீமோ: உணவுக்குழாய்ப் புற்றுநோயில் நோயெதிர்ப்பு அணுக்களுக்கு என்ன ஆகிறது?

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பித்த வீட்டில் அடுத்த சில வாரங்களுக்கு எல்லோர் கண்ணும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டிலேயே இருக்கும். வெள்ளையணு 2,800, அதில் ஒரு வகையான நியூட்ரோபில் 900 என்று வந்துவிட்டால் போதும், "உடம்பில் இருந்த எதிர்ப்புச் சக்தியையும் எடுத்துவிட்டார்களே" என்று பேச்சு கிளம்பிவிடும். பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த ரிப்போர்ட் ரத்தத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அதே நாட்களில் கட்டிக்குள் இருக்கும் நோயெதிர்ப்பு அணுக்களுக்கு நடப்பது வேறு. சில நேரம் நேர் எதிராகவும் இருக்கும். கீழே வரும் கேள்விகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் எழுபவை.

இது பொதுவான விளக்கம். மருந்தைக் கூட்டுவதோ குறைப்பதோ தள்ளிப்போடுவதோ உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

கட்டியை முதலில் வெட்டி எடுத்துவிட்டு அப்புறம் கீமோ கொடுக்கக் கூடாதா?

முன்பு அப்படித்தான் செய்தார்கள். உணவுக்குழாயைச் சுற்றி நிணநீர் நாளங்கள் அடர்த்தி. அதனால் கட்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே சில புற்றணுக்கள் நிணநீர்க்கணுக்களுக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். வெட்டி எடுத்தாலும் நோய் திரும்பி வந்துகொண்டிருந்தது. மேலும் இது பெரிய ஆபரேஷன். அதற்குப் பிறகு முழு அளவு கீமோவைத் தாங்கும் தெம்பு பலருக்கு இருப்பதில்லை.

நெதர்லாந்தில் 366 பேரிடம் நடந்த 'கிராஸ்' ஆய்வு 2012-இல் வெளிவந்தது. நேரடியாக ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 24 மாதம். முதலில் கார்போபிளாட்டின், பேக்ளிடாக்செல் மருந்துகளோடு கதிர்வீச்சும் பெற்று, பிறகு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அது 49.4 மாதம். இரண்டு மடங்கு. அதன் பிறகு, வந்த இடத்தில் முற்றியும் தூரப் பரவாத கட்டிகளுக்கு நேராகக் கத்தி வைப்பது குறைந்துபோயிற்று.

இந்த நோயில் இரண்டு வகை உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஸ்குவாமஸ் வகை பெரும்பாலும் மேல், நடுப் பகுதியில் வரும். புகை, மது, புகையிலையோடு வெற்றிலை பாக்கு ஆகியவற்றோடு தொடர்புடையது. நம் நாட்டிலும் சீனா, ஜப்பானிலும் இதுவே அதிகம். அடினோகார்சினோமா வயிற்றை ஒட்டிய கீழ்ப்பகுதியில் வரும். நாள்பட்ட நெஞ்செரிச்சல், உடல் பருமனோடு தொடர்புடையது. மேலை நாடுகளில் அதிகம். இரண்டுக்கும் மருந்துக் கூட்டு வேறு. ஜெர்மனியில் 438 பேரிடம் நடந்த 'எசோபெக்' ஆய்வில், அடினோகார்சினோமாவுக்கு 'ஃப்ளாட்' என்ற நான்கு மருந்துக் கூட்டு, கிராஸ் முறையை விட நல்ல பலன் தந்தது: பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் ஃப்ளாட்டில் 66 மாதம், கிராஸ் முறையில் 37 மாதம். ஸ்குவாமஸ் வகையில் ஜப்பானின் 601 பேர் ஆய்வு, இரண்டு மருந்துக்குப் பதில் மூன்று மருந்து கொடுத்தால் மூன்றாண்டு கடந்தவர்கள் 62.6 சதவீதத்திலிருந்து 72.1 ஆக உயர்வதைக் காட்டியது.

இணையத்தில் படிக்கும் எந்த முடிவும் எந்த வகைக்கு வந்தது என்று பார்க்காமல் வீட்டு நோயாளிக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

கீமோ எதிர்ப்புச் சக்தியை அழித்துவிடும் என்பது உண்மையா?

ரத்தத்தைப் பொறுத்தவரை, தற்காலிகமாகக் குறைக்கிறது என்பது உண்மை. கீமோ மருந்துகள் வேகமாகப் பிரியும் அணுக்களைத் தாக்குகின்றன. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களை உற்பத்தி செய்கிறது. அவை ரத்தத்தில் சுற்றுவது சில மணி நேரம்தான். உற்பத்தி தடைபட்டால் கையிருப்பு சீக்கிரம் தீரும். பொதுவாக மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு தானாக ஏறிவிடும். ஃப்ளாட் போன்ற கூட்டு மருந்துகளில் இந்தச் சரிவு கடுமையாகவே இருக்கும். அதைத் தூக்கிவிட ஜி-சிஎஸ்எஃப் ஊசி போடுவது வழக்கம்.

நியூட்ரோபில் பாக்டீரியாக்களை எதிர்கொள்ளும் முன்னணிப் படை. அது குறைவதால் வரும் ஆபத்து தொற்றுதான். புற்றுநோயைத் தேடிக் கொல்வது வேறு பிரிவினர்: லிம்போசைட் என்ற வெள்ளையணு வகையில் வரும் டி செல்களும் என்கே செல்களும். இவை மெதுவாகக் குறைந்து மெதுவாகவே மீள்கின்றன. ஆகவே "நியூட்ரோபில் குறைந்துவிட்டது, இனிப் புற்றுநோய் பரவிவிடும்" என்ற பயத்துக்கு ஆதாரம் கிடையாது.

ரத்தத்திலேயே அணு குறைவாக இருக்கும்போது கட்டிக்குள் மட்டும் எப்படிக் கூடும்?

சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்திருப்பதை வைத்து ஒரு வீட்டுக்குள் எத்தனை பேர் என்று சொல்ல முடியாதல்லவா, அது போலத்தான். டி செல்களில் பெரும்பகுதி ரத்தத்திலேயே இருப்பதில்லை. நிணநீர்க்கணுக்கள், மண்ணீரல், குடல், மற்ற திசுக்கள் எல்லாவற்றிலும் பரவியிருக்கின்றன. ரத்தப் பரிசோதனை பார்ப்பது அவற்றில் ஒரு சிறு பங்கை.

இரண்டாவது காரணம்தான் சுவாரசியமானது. புற்றணு சாகும் விதம் முக்கியம். சில அணுக்கள் சத்தமில்லாமல் சுருங்கி மறைந்துவிடும். நோயெதிர்ப்பு மண்டலத்துக்குத் தெரியவே தெரியாது. வேறு சில, சாகும்போது அபாய அறிவிப்பு கொடுத்துவிட்டுச் சாகின்றன. உள்ளே இருக்க வேண்டிய கால்ரெட்டிகுலின் என்ற புரதம் அணுவின் மேற்பரப்புக்கு வந்து "என்னைத் தின்னு" என்ற அடையாளமாக நிற்கிறது. அணுவிலிருந்து கசியும் ஏடிபி என்ற வேதிப்பொருள், டென்ட்ரிட்டிக் செல்கள் என்ற காவல் அணுக்களை அந்த இடத்துக்கு இழுக்கிறது. எச்எம்ஜிபி1 என்ற இன்னொரு புரதம் அவற்றை உசுப்பிவிடுகிறது. டென்ட்ரிட்டிக் செல் செத்த புற்றணுவின் துண்டுகளை விழுங்கி, நிணநீர்க்கணுவுக்குப் போய், டி செல்களிடம் "இதுதான் எதிரி" என்று காட்டுகிறது. பயிற்சி பெற்ற டி செல்கள் பெருகிக் கட்டிக்குத் திரும்புகின்றன.

இதைப் பாரிஸ் அருகே உள்ள குஸ்தாவ் ருஸி புற்றுநோய் மையத்தில் லாரன்ஸ் சிட்வோகல், கிடோ குரோமர் குழுவினர் விரிவாக ஆராய்ந்தார்கள். கால்ரெட்டிகுலினின் பங்கைக் காட்டிய அவர்களது ஆய்வு 2007-இல் வந்தது. அதற்கு முன், கீமோ என்றால் நோயெதிர்ப்புக்கு எதிரி என்பதே பொது நம்பிக்கை. மருத்துவர்களிடமும் அதே எண்ணம்தான்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்தப் பயிற்சிக்குக் கட்டியும் அதைச் சேர்ந்த நிணநீர்க்கணுக்களும் உடம்பில் இருக்க வேண்டும். ஆபரேஷனில் இரண்டையும் எடுத்துவிடுவார்கள். கீமோவையும், டி செல்களின் தடையை நீக்கும் இம்யூனோதெரபி மருந்துகளையும் முன்னாடியே கொடுக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்களின் முக்கியக் காரணம் இது. எனக்கு வலுவான வாதமாகவே தெரிகிறது. ஆனாலும் இந்த நோயில் இதன் பெரும்பகுதி இன்னும் எலி ஆய்வுகளின் பலத்தில்தான் நிற்கிறது.

கட்டிக்குள் இருக்கும் எல்லா நோயெதிர்ப்பு அணுவும் நம் பக்கமா?

இல்லை. பலர் இதைக் கேட்டு அதிர்ச்சியடைகிறார்கள்.

சிடி8 டி செல்கள் நம் பக்கம். புற்றணுவை நேரடியாகக் கொல்பவை. ஆனால் நெடுநாள் கட்டிக்குள்ளேயே போராடினால் களைத்துப்போய், பிடி-1 என்ற தடைப் புரதத்தைச் சுமந்துகொண்டு சும்மா நிற்கும். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு வகை உண்டு. நம் உடலை நாமே தாக்கிக்கொள்ளாமல் தடுப்பது அவற்றின் வேலை. இவற்றைக் கண்டறிந்ததற்காகத்தான் சிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025 மருத்துவ நோபல் கிடைத்தது. உடம்புக்கு அவசியமான இந்த அணுக்கள் கட்டிக்குள் கூடினால், நம் சிடி8 செல்களையே அடக்கி வைக்கும். கிருமியையும் கழிவையும் விழுங்கும் மேக்ரோபேஜ்களில் ஒரு பகுதி கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளர உதவும். மைலாய்டு அணுக்கள் என்ற, மஜ்ஜையிலிருந்து வரும் முதிராத வெள்ளையணுக்களும் டி செல்களைத் தடுக்கும்.

கீமோவுக்கு முன் எடுத்த பயாப்சியையும் ஆபரேஷனில் எடுத்த கட்டியையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் ஒரு போக்கு திரும்பத் திரும்பத் தெரிகிறது. கட்டி நன்றாகச் சுருங்கியவர்களிடம் சிடி8 செல்கள் அதிகமாகக் காணப்படுகின்றன. சிலரிடம் பி செல்களும் (எதிர்பொருள் உருவாக்கும் லிம்போசைட்டுகள்) டி செல்களும் கூடி, கட்டிக்குள்ளேயே சின்ன நிணநீர்க்கணு போன்ற திரள்களை அமைத்துக்கொள்கின்றன. அது நல்ல அறிகுறியாகக் கருதப்படுகிறது. கட்டி அசையாதவர்களிடம் அடக்கும் அணுக்களின் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை. ஆய்வுக்கு ஆய்வு மருந்து வேறு, புற்றுநோய் வகை வேறு, ஆட்களின் எண்ணிக்கையும் குறைவு.

டி செல் கூடியதால் கட்டி சுருங்கியதா, கட்டி சுருங்கியதால் டி செல் கூடியதா?

நல்ல கேள்வி. மேலே சொன்ன ஒப்பீட்டு ஆய்வுகளால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. புற்றணுக்கள் செத்து இடம் காலியானால், மீதமிருக்கும் திசுவில் டி செல்களின் பங்கு தானாகவே கூடித் தெரியும். "கீமோ நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது என்று நிரூபணம்" என்று தலைப்பு போடும் செய்திகளைச் சற்றுத் தள்ளி நின்றே படியுங்கள்.

எல்லாக் கீமோ மருந்தும் ஒரே மாதிரி வேலை செய்யுமா?

செய்யாது. ஃப்ளாட் கூட்டில் இருக்கும் ஆக்சாலிபிளாட்டின், நான் சொன்ன அபாய அறிவிப்பு மரணத்தை நன்றாகத் தூண்டும். அதன் உறவினரான சிஸ்பிளாட்டினுக்கு அந்தத் திறன் குறைவு. 5-ஃப்ளூரோயூராசில், எலிகளில், தடுக்கும் மைலாய்டு அணுக்களைக் குறிவைத்துக் குறைப்பதை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2010-இல் காட்டினார்கள்.

யாரும் அதிகம் பேசாத ஒருவர் இதில் இருக்கிறார்: டெக்சாமெத்தசோன். வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கக் கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு. இது லிம்போசைட்டுகளைத் தற்காலிகமாக அடக்கும். சீனாவில் ஸ்குவாமஸ் வகைக்கு நடந்த 'எஸ்கார்ட்-நியோ' ஆய்வில் ஒரு வேடிக்கை. சாதாரண பேக்ளிடாக்செல், சிஸ்பிளாட்டினோடு கேம்ரெலிசுமேப் என்ற இம்யூனோதெரபி மருந்து பெற்றவர்களில் 15.4 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாக மறைந்திருந்தது. பேக்ளிடாக்செல்லை ஆல்புமினோடு பிணைத்த வடிவில் பெற்றவர்களில் அது 28 சதவீதம். இம்யூனோதெரபி இல்லாத குழுவில் 4.7 சதவீதம்தான். ஆல்புமின் வடிவத்துக்கு முன்கூட்டி ஸ்டீராய்டு கொடுக்கும் கட்டாயம் இல்லை. வித்தியாசத்துக்கு அதுதான் காரணமா? சந்தேகப்படலாம், நிரூபிக்கப்படவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். அது இல்லாமல் கடும் ஒவ்வாமை வந்தால் உயிருக்கே ஆபத்து.

கீமோவோடு கதிர்வீச்சும் சேர்ந்தால்?

லிம்போசைட்டுக்குக் கதிர்வீச்சு ஆகவே ஆகாது. இரண்டு கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவலகு) அளவே ஏறத்தாழப் பாதியைக் கொன்றுவிடும். கிராஸ் முறையில் கட்டிக்குத் தருவது 23 தவணைகளில் மொத்தம் 41.4 கிரே. உணவுக்குழாய் இருக்கும் இடம் வேறு சிக்கல்: முன்னால் இதயம், பக்கத்தில் மகாதமனி, பின்னால் மஜ்ஜை நிறைந்த முதுகெலும்பு. ஒவ்வொரு தவணையிலும் ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம் கதிருக்குள் புகுந்து வெளியேறுகிறது. ஐந்து வாரத்தில் லிம்போசைட் மிகவும் தாழ்ந்துபோவது இதனால்தான்.

இங்கே மட்டும் ரத்த ரிப்போர்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு கொடுக்கலாம். கதிர்வீச்சுக் காலத்தில் லிம்போசைட் மிகக் கடுமையாகச் சரிந்தவர்களுக்குக் கட்டி முழுதாக மறையும் வாய்ப்பும், பின்னாளில் உயிர்வாழும் காலமும் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. புரோட்டான் கதிர்வீச்சில் இந்தச் சரிவு குறைவு, ஏனென்றால் இதயத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் போகும் அளவு குறைகிறது. ஆனால் சரிவே காரணமா, பெரிய கட்டிக்குப் பெரிய கதிர்ப்பரப்பு வைக்க வேண்டியிருப்பதன் அடையாளமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

மறுபக்கம், கிராஸ் ஆய்வில் ஸ்குவாமஸ் வகைக் கட்டி 49 சதவீதம் பேருக்கும், அடினோகார்சினோமா 23 சதவீதம் பேருக்கும் ஆபரேஷன் நேரத்தில் நுண்ணோக்கியில்கூடத் தெரியாமல் மறைந்திருந்தது. ரத்தத்தில் அவ்வளவு சரிவு, கட்டியில் இவ்வளவு பலன். ஒரே சிகிச்சை, ஒரே ஐந்து வாரம்.

கீமோவுக்குப் பிறகு கட்டியில் பிடி-எல்1 கூடும் என்கிறார்கள். கெட்டதா?

பிடி-எல்1 என்பது புற்றணு டி செல்லை நிறுத்த உயர்த்தும் கை. டி செல்கள் தாக்கும்போது சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, இந்தக் கையை உயர்த்த வைக்கும் முக்கியத் தூண்டுதல். ஆகவே கூடியிருந்தால், உள்ளே சண்டை நடக்கிறது என்றும் அர்த்தம் கொள்ளலாம், புற்றணு தப்பிக்கப் பார்க்கிறது என்றும் கொள்ளலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. சிலருக்குக் கீமோவுக்குப் பின் குறைவதும் உண்டு. முன் எடுத்த பயாப்சியில் ஒரு எண், ஆபரேஷன் கட்டியில் வேறு எண் வந்தால் லேப் தவறு என்று நினைக்க வேண்டாம்.

அப்படியானால் கீமோவோடு இம்யூனோதெரபியையும் சேர்த்தால் இரட்டைப் பலன்தானே?

தர்க்கம் அப்படித்தான் சொல்கிறது. இந்த மருந்துகள் தடுப்பது பிடி-1, பிடி-எல்1 தடையைத்தான். பிடி-1-ஐக் கண்டறிந்த தசுகு ஹோஞ்சோ 2018 நோபலைப் பகிர்ந்துகொண்ட பிறகு எதிர்பார்ப்பும் எகிறியது. பலன்கள் கலவையாக வந்திருக்கின்றன.

'செக்மேட் 577' ஆய்வில், கதிர்வீச்சு-கீமோ, ஆபரேஷன் இரண்டும் முடிந்து, எடுத்த கட்டியில் உயிருள்ள புற்றணு மிச்சமிருந்த 794 பேர் சேர்ந்தார்கள். நிவோலுமேப் என்ற இம்யூனோதெரபி மருந்தைப் பெற்றவர்களுக்கு நோய் திரும்பாத காலம் 11 மாதத்திலிருந்து 22.4 மாதமாக நீண்டது. ஆனால் மொத்த உயிர்வாழும் காலத்தில் புள்ளியியல் ரீதியாக உறுதியான வித்தியாசம் பின்னர் வரவில்லை. 'மேட்டர்ஹார்ன்' ஆய்வில், இரைப்பையிலும் உணவுக்குழாய் சேரும் இடத்திலும் வரும் அடினோகார்சினோமாவுக்கு ஃப்ளாட்டோடு துர்வலுமேப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்தபோது, இரண்டாண்டு நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தவர்கள் 58.5 சதவீதத்திலிருந்து 67.4 ஆக உயர்ந்தார்கள். இது 2025-இல் வந்த முடிவு. மருந்தின் விலை, உங்கள் காப்பீடு அதை ஏற்குமா என்பதையும் மருத்துவரிடம் வெளிப்படையாகவே கேளுங்கள். கூச்சப்படத் தேவையில்லை.

ரிப்போர்ட்டில் என்எல்ஆர் என்று ஒன்று இருக்கிறதே?

நியூட்ரோபில் எண்ணிக்கையை லிம்போசைட்டால் வகுத்த எண். உயர்ந்திருந்தால் விளைவு சற்று மோசம் என்பது கூட்டமாகப் பார்க்கும்போது உண்மை. தனி ஆளுக்கு அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு சளிக்காய்ச்சல், ஒரு ஜி-சிஎஸ்எஃப் ஊசி, ஒரு ஸ்டீராய்டு மாத்திரை போதும், எண் தலைகீழாகிவிடும்.

அணு ஏற பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு கொடுக்கலாமா?

வேண்டாம். பப்பாளி இலைச் சாறு டெங்குவில் தட்டணுவுக்காகப் பேசப்படுவது. கீமோவால் குறைந்த நியூட்ரோபிலுக்கும் டி செல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பச்சைச் சாறில் கிருமி இருந்தால் நியூட்ரோபில் குறைந்த நேரத்தில் அதுவே வினையாகும். கசாயங்கள் கல்லீரலில் மருந்தின் அளவை மாற்றலாம். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உண்மையில் எதிர்ப்பு அணுக்களுக்கு உதவுவது சாப்பாடுதான், அதிலும் புரதம். இந்த நோயில் விழுங்க முடியாமல் எடை குறைவதே பெரிய பிரச்சினை. நன்றாக வெந்த முட்டை, பருப்பு, குழைய வேகவைத்த மீன், சத்துமாவுக் கஞ்சி என்று இறங்குவதைக் கொடுங்கள். ஒன்றுமே இறங்கவில்லை என்றால் குழாய் வழி உணவுக்குச் சம்மதியுங்கள். "குழாய் போட்டுவிட்டார்கள்" என்று உறவினர் அழுவதைப் பார்த்துத் தள்ளிப்போடும் வாரங்கள்தான் நோயாளியை ஆபரேஷனுக்குத் தகுதியில்லாமல் ஆக்குகின்றன.

காய்ச்சல் வந்தால்?

38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

தடுப்பூசி?

உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் கூடாது. செயலிழந்த கிருமியில் செய்த ஃப்ளூ ஊசி போன்றவை போடலாம். எந்த நாளில் என்று மருத்துவர் குறித்துத் தருவார். கூட இருப்பவர்களும் போட்டுக்கொள்வது நல்லது.

அணுக்கள் முழுதாக மீண்ட பிறகு ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா?

நியூட்ரோபில் சில வாரங்களில் சரியாகிவிடும். டி செல், பி செல்கள் முழுதாக மீள மாதங்கள் ஆகலாம்; அதுவரை காத்திருப்பது கட்டிக்குத்தான் சாதகம். கதிர்வீச்சு-கீமோ முடிந்து 4 முதல் 6 வாரத்தில் ஆபரேஷன் செய்வதையும் 10 முதல் 12 வாரம் பொறுப்பதையும் ஒப்பிட்ட 'நியோரெஸ் 2' ஆய்வில், தாமதத்தால் கட்டி மறைவது கூடவில்லை. உயிர்வாழும் காலம் குறையும் போக்கே தெரிந்தது. சளி, எடைக் குறைவு, ரத்தசோகை போன்ற காரணங்களுக்காக மருத்துவரே ஒரு வாரம் தள்ளிவைத்தால் அது வேறு. லிம்போசைட் எண் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று நீங்களாகத் தேதியை மாற்றக் கேட்காதீர்கள்.